வெள்ளிமலையில் கிடைத்த இங்கிலாந்து

நாற்பதை நெருங்கும் ஆண்களுக்கு ஏதாவது ஒன்று பிடித்தே தீரும். சிலருக்கு அரசியல் பிடிக்கும். சிலருக்கு ஜோசியம் பிடிக்கும். என் பக்கத்துக் கடைக்காரருக்கு நாட்டு நாய் பிடித்தது. எனக்குத் துரு பிடித்தது.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் கடையில் ஒன்று எல்லாரும் ஒரே நேரத்தில் வருவார்கள், அல்லது யாருமே வரமாட்டார்கள். யாருமே வராத ஒரு மத்தியானம் செல்போனில் வீடியோக்களைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒன்றில் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். நீளத் தாடி, தோலில் தைத்த மேலங்கி. துருப்பிடித்த இரும்புக் கட்டி ஒன்றை மேசைமேல் வைத்தார். கழற்றினார், ஊறவைத்தார், தேய்த்தார். கடைசியில் அது கண்ணாடி மாதிரி மின்னியது. அதை ஒரு பலகையின் மேல் ஓட்டினார். வெங்காயத் தோல் போல மெல்லிசாக ஒரு மரச்சுருள் எழும்பி வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. (வெங்காயத்தால் அல்ல.)

அந்த இரும்புக் கட்டிதான் இழைப்புளி. மரத்தை மழமழவென்று சீவுவதற்குத் தச்சர்கள் வைத்திருப்பார்களே, அதுதான். நம் பக்கத்தில் பெரும்பாலும் மரக்கட்டையில் செய்தது இருக்கும். வெள்ளைக்காரருடையது முழுக்க வார்ப்பிரும்பு. அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. பழைய இரும்புக் கடைகளில் மூக்கை நுழைத்து, குவியலைக் கிளறி, கைப்பிடி உடைந்ததும் பிளேடு இல்லாததுமாக வாங்கி வந்து கட்டிலுக்குக் கீழே அடுக்கினேன். உப்புத்தாளும் கம்பி பிரஷ்ஷுமாகத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடைக்கு வருகிறவர்களின் ஆதார் நகலில் என் கட்டைவிரல் ரேகை துரு நிறத்தில் விழுந்தது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் இந்த ஜென்மத்தில் ஒரு பலகையைக்கூட இழைத்தது கிடையாது. எங்கள் ஊரில் மரச்சிற்பம் செதுக்குகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் இழைப்புளியை மரம் இழைக்க வைத்திருந்தார்கள். நான் அந்த அளவுக்கு இறங்கவில்லை. நான் ஆராய்ச்சியாளன்.

ஆராய்ச்சிக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழுவும் இருந்தது. யாராவது ஒரு துருக்கட்டியைப் படம் எடுத்துப் போடுவார்கள். உடனே மற்றவர்கள் அதற்கு ஜாதகம் கணிப்பார்கள். பிடியின் வளைவு, திருகின் தலை, பிளேடை அசைக்கும் நெம்புகோலின் நுனி, இவற்றை வைத்து அது எந்த நாட்டில், எந்தப் போருக்கு முன்னால் பிறந்தது என்று சொல்வார்கள். குழுவின் தலைவர் கோயம்புத்தூரில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். அவர் பார்த்துவிட்டு "அரியது" என்று ஒரு சொல் போட்டால் போதும், போட்டவர் அன்றைக்குச் சாப்பிட மாட்டார். எனக்கு அவர் இதுவரை போட்டதெல்லாம் "சாதாரணம்".

என் மனைவி வசந்திக்கு இந்த ஆராய்ச்சியின் அருமை புரியவில்லை.

"இன்னாங்க, கட்டிலுக்குக் கீழ ஒரே இரும்பா கீது. தொடப்பம் போவ மாட்டேங்குது. பழைய இரும்புக்காரன் வந்தா தூக்கிப் போட்டுடட்டுமா?"

"அவன்கிட்ட வாங்கினதுதான் அதெல்லாம்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

இந்த நிலையில்தான் என் தங்கை கலாவுக்கு வளைகாப்பு வந்தது. கலாவை மூங்கில்துறைப்பட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை சேகர் வீட்டில் கரும்பு விவசாயம். எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டார்தான் வளையலும் சித்திரான்னங்களும் கொண்டுபோய் வைக்க வேண்டும். எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு எல்லாம் இருந்தாலும், பெண் வீட்டாரின் மானம் புளிச்சோற்றில்தான் இருக்கிறது என்பது என் அம்மாவின் கட்சி.

"கடப்புளி வேணாண்டா. வெள்ளிமலைக்குப் போயி மலப்புளி வாங்கியா. கலா மாமியா வூட்டுல ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்லக் கூடாது" என்றார்.

வெள்ளிமலை இருக்கும் கல்வராயன் மலை ஏறினேன். புளியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்க நின்ற கடையில், தார்பாய் காற்றில் பறக்காமல் இருக்க ஓர் இரும்புக் கட்டியை வைத்திருந்தார்கள். பார்த்ததும் என் நெஞ்சு டபடபவென்று அடித்துக்கொண்டது. இழைப்புளி! உடம்பெல்லாம் துரு, பிடி பாதி போயிருந்தது, ஆனாலும் இழைப்புளி!

அரிய பொருளைக் கண்டால் முகத்தில் காட்டக்கூடாது என்பது எங்கள் குழுவின் விதி. கொட்டாவி விடுவதுபோல் பாவனை செய்துகொண்டே டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"அண்ணே, இது இன்னா?"

"எது?"

"இந்த இரும்பு."

"இரும்பு" என்றார்.

"எங்க கெடச்சிது?"

"யாருக்குத் தெரியும்? எங்க அப்பா காலத்துலருந்து கெடக்குது. போன மாசம் வரைக்கும் இத்த வெச்சி ஆட்டுக்கு மொள அடிச்சிக்கினு இருந்தோம். இன்னா, வேணுமா?"

"சும்மா... ஒரு இதுக்கு..."

"இதே கனத்துக்கு ஒரு கல்லு கொண்டாந்து வெச்சிட்டு எடுத்துக்கினு போங்க. தார்பா பறக்கக் கூடாது, அவ்ளோதான்."

ஓடிப்போய் ஒரு கல்லைக் கொண்டுவந்தேன். "இது உருளும்" என்றார். வேறொன்று கொண்டுவந்தேன். "ஓரம் கூரா கீது, தார்பா கிழியும்." அடுத்ததைத் தூக்கி வந்தபோது சட்டையெல்லாம் மண். அதை வைத்து, அழுத்திப் பார்த்து, தலையாட்டினார். ஒரு நாட்டின் தொழில்நுட்ப வரலாற்றைக் கருங்கல்லுக்கு மாற்றிக்கொண்ட அந்த மனிதரை நினைத்து, மலை இறங்கும்போது எனக்குப் பரிதாபமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால், துருவுக்கு நடுவே மேடாக எழுத்துகள் தட்டுப்பட்டன. முழுதாகத் தெரிந்தவை 'என்', 'டி' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் மட்டும். படம் எடுத்துக் குழுவில் போட்டேன். பிறகு தலைவர் எழுதினார்: "என், டி. இங்கிலாந்து என்ற சொல்லின் கடைசி இரண்டு எழுத்துகளாக இருக்கலாம். பிடியின் வளைவும் அதைத்தான் சொல்கிறது. நூறு வயது இருக்கும். அரியது."

அரியது! அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "மாப்ள, வளகாப்புக்கு வரும்போது ஒண்ணு கொண்டாறேன். நூறு வருஷத்து இங்கிலாந்து அயிட்டம். ஒங்க ஊரே பாக்கணும்." சேகர் நல்ல பையன். என்ன அயிட்டம் என்றுகூடக் கேட்காமல், "சரிங்க மச்சான், எல்லாரையும் இருக்கச் சொல்றேன்" என்றார்.

இவ்வளவு அரியதைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கலாமா? குழுவில் கேட்டேன். மென்மையான புளிப்பில் ஒரு ராத்திரி ஊறவையுங்கள், எழுத்து அழியாமல் துரு மட்டும் கழன்றுவிடும் என்றார்கள். வெளிநாட்டில் வினிகர் ஊற்றுவார்களாம். நமக்கென்ன வினிகர்? அம்மாவின் மலைப்புளி உறியில் தொங்கிக்கொண்டிருந்தது. வளைகாப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு பெரிய உருண்டையைப் பிய்த்தேன். இழைப்புளியை மண்ணெண்ணெயில் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு குண்டானில் வைத்து, கெட்டியாகப் புளியைக் கரைத்து மூழ்க ஊற்றினேன். தட்டுப் போட்டு மூடிப் பின்வாசல் ஓரமாக வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் புளி போன கதை வெளியே வரும்.

அதே சாயங்காலம் அம்மாவும் புளிச்சோற்றுக்கு ஒரு குண்டானில் புளியை ஊறவைத்துச் சமையலறைக்குள் வைத்திருந்தார். எங்கள் வீட்டில் இருக்கும் குண்டான்கள் எல்லாம் ஒரே கடையில் வாங்கியவை.

விடியற்காலையில் எங்கள் சின்னம்மா வந்து சமையலை ஆரம்பித்தார். சின்னம்மா கைக்குப் புளிக்காய்ச்சல் அப்படி ஒரு மணமாக வரும். நான் எழுந்தபோது வீடே கமகமத்தது. ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டேன். வழக்கத்தைவிடக் கறுப்பாக இருந்தது.

"மலப்புளின்னா கறுப்பாத்தாண்டா இருக்கும்" என்றார் அம்மா பெருமையாக.

ருசியில் ஏதோ ஓர் ஆழம் இருந்தது. இன்னொரு தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, "சின்னம்மா, இந்த மாதிரி நீ செஞ்சதே இல்ல" என்றேன். அந்தப் பாராட்டில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

வேனில் எல்லாரும் கிளம்பினார்கள். எனக்கு மட்டும் கடையில் அவசர வேலை இருப்பதாகவும் பைக்கில் வந்துவிடுவதாகவும் சொன்னேன். அவசர வேலை பின்வாசலில் ஊறிக்கொண்டிருந்தது. வேன் தெருமுனை திரும்பியதும் ஓடிப்போய்த் தட்டை எடுத்தேன்.

குண்டானில் தண்ணீர் பாதிக்கு மேல் காணோம். அடியில் கொஞ்சம் சேறு. சேற்றுக்கு நடுவே இழைப்புளி முதலை மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. ஆவியாகியிருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தேன். (ஆராய்ச்சியாளன் அல்லவா.) பிறகு மெதுவாகச் சமையலறைக்குப் போய் எட்டிப் பார்த்தேன். அங்கே அம்மா ஊறவைத்த குண்டான், வாய் வரைக்கும் புளித்தண்ணீரோடு, ஒருவர் கையும் படாமல் இருந்தது.

முதலில் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நூறு வருஷத்து இங்கிலாந்து, இரண்டு தட்டு, உள்ளே இருந்தது. அடுத்த கணம் கலாவின் முகம் வந்தது. அவளுக்கு எட்டாவது மாதம். வளைகாப்பில் முதல் வாய்ச் சோறு ஊட்டப்போவது அவளுக்குத்தான்.

வசந்திக்குப் போன் போட்டேன். மணி எங்கள் படுக்கையறையிலேயே அடித்தது. சார்ஜில் போட்டுவிட்டு மறந்து போயிருந்தாள். சேகர் எடுக்கவில்லை. இழைப்புளியைத் துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, (அந்த நேரத்தில் அதை ஏன் எடுத்தேன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது) பைக்கை உதைத்தேன்.

சங்கராபுரம் தாண்டியதும் கரும்பு டிராக்டர்கள். ஆலைக்கு வெட்டு நேரம். ஒவ்வொரு டிராக்டரும் ஒரு தோட்டத்தையே முதுகில் ஏற்றிக்கொண்டு, சாலையின் இரண்டு பக்கமும் கரும்பு நீட்டிக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி அசைந்து அசைந்து போனது. ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டபோது அம்மாவின் போன் கிடைத்தது. பின்னால் ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் அலறியது.

"அம்மா! புளிச்சோத்த யாருக்கும் வெக்காத!"

"ஆங்? யாருக்கும் கம்மியா வெக்காதன்றியா? ஜாஸ்தியாவே கொண்டாந்து கீறோம். நீ சீக்கிரம் வா, ஒன் தங்கச்சி கேட்டுக்கினே கீறா!"

வைத்துவிட்டார். மறுபடி போட்டால் எடுக்கவில்லை. டிராக்டருக்கும் புளியமரத்துக்கும் நடுவே இருந்த சந்தில் பைக்கை விட்டேன். கரும்புத் தோகை முகத்தில் கோடு கிழித்தது.

பந்தலுக்குள் நான் நுழைந்தபோது கலா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம், இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். அவள் மாமியார் புளிச்சோற்றை ஒரு கவளம் உருட்டி அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோயிருந்தார். கலா வாயைத் திறந்திருந்தாள்.

"அத்த, வெக்காதீங்க!"

ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பெண்களைத் தாண்டி, பழத்தட்டைத் தாண்டி, தாம்பாளத்தில் ஒரு காலை வைத்து, சம்பந்தி அம்மாவின் கையைத் தட்டிவிட்டேன். கவளம் பறந்து போய், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கிராம நர்ஸ் அக்காவின் வெள்ளைப் புடவையில் விழுந்தது. யாரோ ஒருவர் ஒலிபெருக்கியை நிறுத்தினார். இவ்வளவு நேரம் நிறுத்தாதவர் அப்போதுதான் நிறுத்த வேண்டுமா?

"டேய்! இன்னாடா பண்ற?" என்று அம்மா கத்தினார்.

"அதுல இழைப்புளி கீதும்மா!"

"புளிச்சோத்துல புளி இல்லாம வேற இன்னாடா இருக்கும்?"

"அந்தப் புளி இல்ல! இழைப்புளி! இரும்புப் புளி!"

"புளியில ஏதுடா இரும்பு? ஐயோ, எம்புள்ளைக்கு இன்னா ஆச்சின்னு தெரியலையே!"

இனி வார்த்தையால் ஆகாது என்று பையைத் திறந்து, துண்டைப் பிரித்து, இழைப்புளியை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினேன். அதன் மூக்கிலிருந்து புளித்தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தது.

பின்னாலிருந்து சின்னம்மாவின் குரல் நடுங்கிக்கொண்டு வந்தது. "குண்டான்ல ஊறுதுன்னு அக்கா சொன்னா... பின்வாசல்ல இருந்துச்சி... மேலாக்க தெளிவா ஊத்திக்கினேன். அடியில ஏதோ கனமா கெடந்துச்சி. கசடுன்னு நெனச்சேன்."

"அவ்ளோ பெரிய கசடாடி?" என்றார் அம்மா. அவ்வளவுதான், உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

சம்பந்தி அம்மாவின் முகம் கல்லாக இருந்தது. கல்யாணத்தின்போது எங்கள் பக்கத்து ஜமக்காளம் பழசு என்று சொல்லிவிட்டு, இன்றுவரை அந்தப் பேச்சை விடாதவர் அவர். இது ஜமக்காளம் இல்லை. இது அவர் வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சி. அந்த ஒரு நிமிடத்தில் என் தங்கையின் மிச்ச வாழ்க்கையில் அவள் கேட்கப்போகும் பேச்செல்லாம் என் காதில் கேட்டது. தாம்பாளத்திலிருந்து காலை எடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அப்போது ஓரமாக ஒருவர் தொண்டையைக் கனைத்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா. சர்க்கரைக்காரர், பசி தாங்காது என்பதால் அவருக்கு மட்டும் முன்னாலேயே இலை போட்டிருந்தார்கள். இலையில் புளிச்சோறு ஏறக்குறைய முடிந்திருந்தது.

"ஏம்மா நர்ஸு, இரும்பு ஒடம்புக்கு நல்லதுதானே? நீதான் அவளுக்கு ரத்தம் கம்மின்னு இரும்புச் சத்து மாத்திர குடுக்கிற?"

நர்ஸ் அக்கா புடவையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அது இரும்புச் சத்து பெரியவரே. இது செத்த இரும்பு. எலைய மூடுங்க மொதல்ல."

கலாதான் முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வளையல் குலுங்க, மூச்சு வாங்கச் சிரித்தாள். "எனக்கு ரத்தம் ஏறணும்னு இவ்ளோ கஷ்டப்பட்டியாண்ணா? மாத்திரயே முழுங்கறேன், வுட்டுடு!"

அவள் சிரித்த சிரிப்பில் பயந்துபோய் நர்ஸ் அக்கா அவள் முதுகைத் தடவினார். தடவியவரும் சிரித்தார். சம்பந்தி அம்மா கடைசி வரை உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டதும் என் அம்மா அழுகையை நிறுத்தினார்.

நான் அத்துடன் தப்பித்திருப்பேன். ஆனால் சேகர் என் கையிலிருந்த இழைப்புளியை மரியாதையாக வாங்கினார். "இதான் நீங்க சொன்ன நூறு வருஷத்து அயிட்டமா மச்சான்?" என்று துண்டால் துடைத்தார். மலைப்புளி தன் வேலையைப் பிரமாதமாகச் செய்திருந்தது. துரு பளிச்சென்று கழன்றது. எழுத்துகள் ஒன்று விடாமல் எழும்பி நின்றன. அவர் அந்தப் பந்தலுக்கே கேட்கும்படி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"மேட்... இன்... ஐ, என், டி, ஐ, ஏ." நிமிர்ந்து பார்த்தார். "இந்தியான்னு போட்டு கீதே மச்சான்?"

புளிச்சோற்றுக் குண்டானைக் கொல்லையில் குழி தோண்டிக் கவிழ்த்தார்கள். மிச்சச் சோறுகளை வைத்து வளைகாப்பு நடந்தது. ஊட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் சம்பந்தி அம்மா என் பக்கம் திருப்பி, "இதுல ஒண்ணும் இல்லையே தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊட்டினார். பெரியப்பாவையும் என்னையும் நர்ஸ் அக்கா டாக்டரிடம் அனுப்பினார். எங்கள் இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அவமானம் மட்டும் ஜீரணமாகவில்லை.

குழுவில் அன்று சாயங்காலம் புதுப் படத்தைப் போட்டேன். "சாதாரணம்" என்று தலைவர் எழுதினார். பிறகு, "துரு எப்படி இவ்வளவு சுத்தமாகப் போயிற்று?" என்று கேட்டார். நான் குழுவிலிருந்து வெளியேறினேன். இழைப்புளியை மாப்பிள்ளையே வைத்துக்கொண்டார். அதை வைத்து இரண்டு ஜன்னல் சட்டத்தை இழைத்ததாகவும், நன்றாகவே ஓடுவதாகவும் சொன்னார்.

கலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல கனம். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். பேசப் பழகியதும் அவள் என்னைக் கூப்பிட்ட முதல் சொல் "புளிமாமா". யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால், அந்த வீட்டில் எல்லாரும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள்.

போன வாரம் முன்பின் தெரியாத ஒருவர் பட்டா நகல் எடுக்கக் கடைக்கு வந்தார். வெயிலில் வந்த களைப்பு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். செம்பில் மொண்டு கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீங்க... மூங்கில்துறப்பட்டுல சேகர் இருக்காரே, அவருக்கு மச்சானுங்களா?"

"ஆமாங்க."

அவர் செம்பை வெளிச்சத்தின் பக்கம் சாய்த்து, அடிவரைக்கும் உற்றுப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் குடித்தார்.